அழிக்கச் சொன்ன படம்

ஜுலைகா வந்தபோது நல்ல வெயில். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம். மாடிப்படி ஏறி வந்தவள் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து என் மேசைமேல் வைத்து அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு மெமரி கார்டு. விரல்நகம் அளவுக்கு இப்போது வருகிறதே, அது இல்லை. பழைய வகை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது, தட்டை, ஒரு ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள். கைக்குட்டையில் இன்னும் அத்தர் வாசனை இருந்தது.

அது என்னுடைய கார்டு. பல வருஷங்களுக்கு முன் அவளுடைய நிக்காஹுக்குப் படம் எடுத்துவிட்டு, அவள் உம்மா மெஹருன்னிசாவின் கையில் நானே கொடுத்துவிட்டு வந்தது. அந்த உம்மா இப்போது இல்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

"அன்னிக்கு உம்மாவ ஒரு படம் எடுத்தீங்கல்ல அக்கா. உம்மா அழிக்கச் சொன்னாங்க, நீங்களும் அழிச்சிட்டீங்க. அது திரும்ப வருமா?"

அந்த ஒரு படத்தைத் தவிர மெஹருன்னிசா அம்மா தன் வாழ்நாளில் விரும்பிக் கேமரா முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அரசாங்க அட்டைகளில் ஒரு முகம் இருக்கிறது. பயந்துபோய் விழிக்கிற யாரோ ஒரு அம்மாள். பிள்ளைகளுக்கே அது தங்கள் உம்மா என்று சொல்லத் தோன்றவில்லை.

வாராவாரம் இந்தத் தொடரோடு நான் எடுத்த படம் ஒன்றும் வரும். இந்த வாரம் வராது. "எழுதுறதுன்னா எழுதுங்க அக்கா, பேரை மாத்திடுங்க, படம் மட்டும் வேணாம்" என்று ஜுலைகா சொல்லியிருக்கிறாள்.

ரோல் கழுவிய காலம்

கார்டைப் பற்றிச் சொல்லுமுன் நான் இந்த வேலைக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நிரவியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்து, தனபால் அண்ணன் ஸ்டுடியோவில் முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதிக் கவர் கொடுப்பது, படம் வந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு நாளைக்கு வாங்க என்று சொல்வது, இவைதான் என் வேலை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு பாஸ்போர்ட் படம் அடிக்கடி தேவைப்படும். ரோல் முடிகிறவரை காத்திருந்து, வெளியூர் லேபுக்கு அனுப்பி, அது திரும்பி வந்த பிறகுதான் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியும். ஒரு பெரியவர் மூன்று முறை வந்து மூன்று முறையும் கண்ணை மூடினார். பிளாஷ் அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே மூடிக்கொள்கிற சுபாவம் அவருக்கு.

அந்த லேபால் ஒரு வம்பு வந்தது. பள்ளிவாசல் தெருவில் ஒரு கல்யாணம். பெண்கள் பக்கம் படம் எடுக்கச் சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடமே கேமராவைக் கொடுத்திருந்தார்கள். எடுத்தது பெண்தான். ஆனால் கழுவியது, பிரிண்ட் போட்டது, கவரில் போட்டது எல்லாம் முன்பின் தெரியாத ஆண்கள். போதாததற்குக் கவர் மாறி, மணப்பெண்ணின் படங்கள் வேறு ஊரில் வேறு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்தன. ஆனாலும் அதற்குள் யார் யார் பார்த்தார்களோ என்ற வருத்தம் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அதன்பிறகு அந்தத் தெருவில் பல வீடுகளில் பெண்கள் பக்கம் கேமராவே கூடாது என்றாகிவிட்டது. ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளை இருப்பார், அவருடைய சிநேகிதர்கள் இருப்பார்கள், பந்தியில் சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். மணப்பெண் இருக்க மாட்டாள்.

இந்த நேரத்தில்தான் தனபால் அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டு வந்தார்.

எண்களாக மாறும் வெளிச்சம்

வாங்கிவிட்டாரே தவிர அதன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிலிம் இல்லாமல் படம் எங்கே விழும் என்று அவரே என்னிடம் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம். கூட வந்த தடிப் புத்தகத்தை, கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்புத் தாங்கவில்லை. இன்றைக்கும் அது குறையவில்லை.

பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சில்லு இருக்கிறது. தபால்தலை அளவுதான். அதைப் பாத்தி பிரித்த வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திகள் மட்டும் லட்சக்கணக்கில். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் அந்தப் பாத்திகளில் விழும். விழுந்த வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்சம் மின்சாரம் சேரும். வெளிச்சம் அதிகமென்றால் அதிகம், நிழல் என்றால் குறைவு. கேமரா ஒவ்வொரு பாத்தியாக அளந்து அதை ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான். நம் முகம், மூக்கு, பட்டுப்புடவை எல்லாம் கடைசியில் எண்கள்.

நிறம் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்தப் பாத்திகளுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பாத்திமேலும் ஒரு கண்ணாடித் துளி. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம். சிவப்புப் பாத்திக்குப் பச்சை எவ்வளவு என்று தெரியாவிட்டால், கேமராவுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் அக்கம்பக்கத்துப் பாத்திகளைக் கேட்டுக் கணக்குப்போட்டு நிரப்பிக்கொள்ளும். இதில் பச்சைத் துளிகள் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு. மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் தெரியுமாம். நிரவி வயலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

பிலிமில், வெயிலுக்கு ஒரு ரோல் போட்டால் அந்த ரோல் முடிகிறவரை அதுதான். வீட்டுக்குள் போனால் இருட்டடிக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் பச்சையாகப் போகும். இதில் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். முற்றத்தில் ஒன்று, அடுத்த நிமிஷம் அடுக்களைக்குள் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த மறுகணம் முதுகுப்பக்கத்துச் சின்னத் திரையில் படம் தெரியும். லேப் இல்லை, கவர் இல்லை, மூன்றாம் மனுஷர் இல்லை.

இதைச் சொன்னதும் தனபால் அண்ணன் கேமராவை என் கையில் கொடுத்து, அப்படியென்றால் அந்தத் தெருவுக்கு நீயே போ என்றார்.

மெஹருன்னிசா அம்மாவின் நிபந்தனை

முதலில் கூப்பிட்டது ஜுலைகாதான். கல்லூரி முடித்த பெண். தன் கல்யாண ஆல்பத்தில் தானும் இருக்க வேண்டும் என்று உம்மாவிடம் பல நாள் பேசிப் பார்த்திருக்கிறாள். அவளுடைய சின்ன வயதிலேயே வாப்பா இறந்துவிட்டதால் அந்த வீட்டில் முடிவெடுப்பது உம்மாதான். கடைசியில், அந்தப் பெண்ணை வரச் சொல், நான் பார்க்கிறேன் என்றாராம்.

போனேன். மெலிந்த உடம்பு, தலையை மூடிய வெள்ளைத் துப்பட்டி, அவசரமே இல்லாத பேச்சு. எனக்கு டீ வந்தது. கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் எங்கே போகிறது, யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். நான் பாத்திக் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்த வீட்டுப் பெண்களின் முகம் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. சரி என்றேன்.

நிக்காஹ் அன்று காலையிலிருந்து பெண்கள் பக்கம் நான் மட்டும். முதலில் எல்லாரும் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மருதாணி சிவந்த ஜுலைகாவின் கையைப் படம் எடுத்து, திரையில் அவளுக்கே காட்டினேன். அவள் தோள்மேல் சாய்ந்து இன்னொருத்தி பார்த்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். இது சரியில்லை, என் கண்ணு எங்கேயோ பாக்குது, இன்னொண்ணு எடு என்றார்கள். எடுத்தேன். ரோல் தீர்ந்துபோகுமே என்ற பயம் இல்லாமல் எடுக்கிற சுகம் எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

மெஹருன்னிசா அம்மா அந்தக் கூட்டத்துக்குள் வரவில்லை. நான் கேமராவை அவர் பக்கம் திருப்பினால் துப்பட்டி உயரும். அந்தப் பக்கமே திரும்புவதை விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வேண்டியிருந்த உண்மை

பந்தியெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த சாயங்காலம் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். எடுத்ததையெல்லாம் காட்டச் சொன்னார். ஜுலைகாவும் அவள் பெரியம்மாவும் கூட இருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலைமறைப்பு விலகியிருந்த ஒரு பெண்ணின் படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். இன்னும் சிலவற்றையும் அழித்தேன். மகளின் முகம் வந்தபோதெல்லாம் அவர் விரல் திரையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

எல்லாம் முடிந்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். சற்று நேரம் கழித்துத் துப்பட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். என்னையும் ஒன்று எடு என்றார். ஜுலைகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மங்கலான வெளிச்சம். பிளாஷ் போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்தேன்.

கேமராவை வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அழிச்சிடு" என்றார்.

அழித்தேன். திரையில் முந்தைய படம் வந்து நின்றது.

"இப்ப அது எங்க போச்சு? நெசத்தச் சொல்லு புள்ள."

போய்விட்டது அம்மா என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்தவள். கேமரா அழிக்கிறேன் என்று சொல்கிறபோது உண்மையில் படத்தைத் தொடுவதில்லை. கார்டின் தொடக்கத்தில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதில் அந்தப் பெயரை மட்டும் அடித்துவிட்டு, இந்த இடம் காலி, வேண்டுமானால் வேறு படம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். வேறு படம் வந்து உட்காருகிறவரை பழையது அங்கேயே கிடக்கும். தெரிந்தவர்கள் தேடினால் எடுத்துவிடலாம். இதைத்தான் சொன்னேன். அழிக்கச் சொன்ன மற்றப் படங்களுக்கும் இதே கதைதான் என்றும் சொன்னேன்.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் காலையிலிருந்து ஏமாற்றிக்கொண்டிருந்தாயா, இதைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடம் காட்டப் போகிறாய் என்றெல்லாம் கேட்டார். ஜுலைகா அழுதாள். அவளுக்கு ஆல்பம் போய்விட்டதே என்ற அழுகை. நான் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கார்டை வெளியே எடுத்து, மெஹருன்னிசா அம்மாவின் முன்னால் நீட்டினேன். எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, கேமராவில் ஒன்றும் இல்லை, இது உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

அவர் தன் அக்காவைப் பேச வேண்டாம் என்று கையால் அமர்த்திவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

"இதுல வேற படமே எடுக்கலன்னா?"

"அப்படியே இருக்கும்மா."

கார்டை வாங்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நாலைந்து நாள் கழித்து, கார்டை நேராகச் செருகினால் பிரிண்ட் போடுகிற சின்ன மெஷினைத் தனபால் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டுக் கூடத்திலேயே, அவர் முன்னாலேயே, அவர் சரி என்றவற்றை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஜுலைகாவுக்கு ஆல்பம் கிடைத்தது. கார்டு மறுபடி முடிச்சுக்குள் போனது.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. படம் எப்படியிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நீங்கதானே உண்மையைச் சொன்ன அக்கா என்றுதான் கேட்பார்கள். நான் தனியாகத் தொழில் தொடங்கியதற்கு அந்தச் சாயங்காலம்தான் முதல்.

திரும்பி வந்தது

இப்போது அந்தக் கார்டு என் மேசைமேல்.

வரும் என்று ஜுலைகாவுக்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. கார்டுக்குள்ளே எண்களைத் தாங்கி நிற்பவை மிகச் சின்ன மின்துளிகள். பல வருஷம் மின்சாரமே படாமல் கிடந்தால் அவை கசிந்துபோகவும் கூடும். அதையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அவளுடைய தயக்கம் வேறு. உம்மா அழிக்கச் சொன்னதை நாம் திரும்பக் கொண்டுவரலாமா என்று என்னைக் கேட்டாள். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. உன் உம்மா, நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு விஷயம் சொன்னாள். தம்பி சலீம் கல்லூரிக்குப் போன புதிதில் யாரிடமோ ஒரு பழைய கேமரா வாங்கியிருந்தானாம். அதற்கு இந்த வகைக் கார்டுதான் பொருந்தும். உம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டான். கல்யாணப் படமெல்லாம்தான் பிரிண்ட் போட்டாயிற்றே, சும்மாதானே கிடக்கிறது என்றான். எது கேட்டாலும் மறுக்காத உம்மா அதை மட்டும் தரவில்லை. காரணமும் சொல்லவில்லை. பீரோவில் தன் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டாராம்.

நான் அவளிடம், அன்றைக்கு உம்மா கடைசியாகக் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவள் அப்போது அழுதுகொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. இதில் வேறு படமே எடுக்காவிட்டால் என்று அவர் கேட்டதைச் சொன்னேன். அவள் எழுந்து போய் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"எடுங்க அக்கா."

பழைய கார்டு படிக்கிற கருவி ஒன்று அலமாரியில் இருந்தது. முதலில் கார்டு முழுவதையும் அப்படியே லேப்டாப்பில் ஒரு நகலாக இறக்கினேன். என்ன செய்தாலும் நகலில்தான் செய்ய வேண்டும், கார்டில் ஓர் எழுத்துகூட புதிதாக விழக் கூடாது. டிஜிட்டல் என்பதால் நகலுக்கும் அசலுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இருக்காது. பிறகு தேடுகிற மென்பொருளை ஓடவிட்டேன். குறிப்பில் பெயர் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு படமும் ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தேடிக்கொண்டு அது கார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்.

மருதாணிக் கை வந்தது. கூட்டம் வந்தது. அன்று அழித்த மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைத் திறக்காமலே ஒதுக்கினேன். மற்றவற்றில் சில பாதிக்குமேல் பழுதாகிச் சாம்பல் பட்டையாக இருந்தன. ஜுலைகா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக ஒன்று. அதற்குப் பின்னால் அந்தக் கார்டில் எதுவுமே எழுதப்படவில்லை. திறந்தேன். முழுசாக இருந்தது.

அன்று அறையில் மங்கல் வெளிச்சம், கேமராவின் திரை தீப்பெட்டி அளவு. அதில் ஒரு முகமும் ஜன்னல் வெளிச்சமும்தான் எனக்குத் தெரிந்தன. இப்போது லேப்டாப் திரை நிறைய மெஹருன்னிசா அம்மா. துப்பட்டி தலையில்தான் இருந்தது, ஆனால் காதுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிதாக்கினேன். காது மடலின் விளிம்பு முழுக்க வரிசையாகத் தங்க வளையங்கள். அந்தக் காலத்துக் கல்யாணங்களில் பெண்கள் அணிந்த அலுக்கத்து. கண்ணில் புதிதாகச் சுர்மா மை. உதடு சிரிக்கவில்லை. சிரிப்பு கன்னத்தில் தொடங்கியிருந்தது.

ஜுலைகா திரையைத் தொட்டாள்.

"இது உம்மாவோட நிக்காஹ் நகை அக்கா. வாப்பா மவுத்தானப்புறம் பெட்டியிலேருந்து வெளியவே எடுத்ததில்ல. எங்க யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல. அன்னிக்கு அந்த இருட்டுல நானும் கவனிக்கல."

அடுத்த அறைக்குப் போன அந்தச் சற்று நேரம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிரிண்ட் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஒரே ஒரு நகல் தன்னுடைய பென்டிரைவில் போதும் என்றாள். என் லேப்டாப்பில் இருந்ததை எடுத்துவிடச் சொன்னாள். வெறுமே அழிக்காமல் அந்த இடத்தின்மேல் வேறு எண்களை எழுதுகிற முறை உண்டு, அப்படியே செய்கிறேன் என்றேன். அதற்குமுன் தம்பி ஒருமுறை பார்க்கட்டும் என்றாள்.

சலீம் கத்தாரில் இருக்கிறான். அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை, விமானம் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடியோ காலில்கூட அவனுக்கு உம்மாவின் முகம் கிடைத்ததில்லை. உம்மா போனை மேசையில் படுக்கவைத்துவிட்டுத்தான் பேசுவாராம். தினமும் முதல் கேள்வி சாப்பிட்டியா என்பதாக இருக்குமாம்.

ஜுலைகா அவனை வீடியோ காலில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவன் வேலைத்தளத்தின் ஓய்வறையில் இருந்தான், முன்னால் பிரிக்காத சோற்றுப் பொட்டலம். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஜுலைகா கேட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவள் போனைத் திரைக்கு முன்னால் திருப்பிப் பிடித்தாள்.

அந்தப் பக்கத்தில் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்கிற ஓசை வந்தது.

பிறகு அக்காவிடம், "லாத்தா, அப்படியே புடிச்சுக்க. நான் சோறு தின்னுக்கிறேன்" என்றான்.

பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது. ஜுலைகா போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கை வலித்தபோது நான் வாங்கிப் பிடித்தேன்.